வாடகை இல்லை, பத்திரமும் இல்லை: மேரிலாந்து பூங்காவுக்குள் ஒரு பழைய வீடு, விண்ணப்பிக்கலாமா?

ஆற்றோரம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். பால்டிமோருக்கு மேற்கே படாப்ஸ்கோ ஆற்றை ஒட்டி ஒன்பது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 44 வயது. மனைவி மருத்துவமனையில் செவிலியர். மகளுக்கு பதினொன்று, மகனுக்கு ஏழு.

ஞாயிற்றுக்கிழமைகளில் படாப்ஸ்கோ பள்ளத்தாக்கு மாநிலப் பூங்காவில் நடப்போம். மேரிலாந்து அரசு 1907இல் காட்டுக் காப்பகமாகத் தொடங்கி, இப்போது சுமார் 16,000 ஏக்கராக வளர்ந்திருக்கும் பூங்கா. அரசு வாங்கியது நிலத்தைத்தான், ஆனால் நிலத்தோடு அதில் நின்ற பண்ணை வீடுகளும், ஆலை முதலாளிகளின் கல் வீடுகளும் சேர்ந்தே வந்தன. இத்தனை வீட்டையும் பழுது பார்க்கப் பணம் இல்லை. இடித்துவிடவும் மனம் இல்லை. இதற்கு ஒரு வழியாக மாநிலத்தின் இயற்கை வளத் துறை 1982இல் ‘ரெசிடென்ட் கியூரேட்டர்’ (குடியிருந்தபடியே வீட்டைக் காப்பவர்) திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டை உங்கள் செலவில், அவர்கள் ஒப்புக்கொண்ட முறையில் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் சீரமைக்க வேண்டும். பிறகு உங்கள் ஆயுள் உள்ளவரை வாடகை இல்லாமல் அங்கேயே வாழலாம். ஆண்டுக்குச் சில நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். உங்கள் காலத்துக்குப் பிறகு வீடு அரசுக்குத் திரும்பிவிடும். நான் புரிந்துகொண்டது இவ்வளவு.

போன மாதம் அப்படி ஒரு திறந்த நாளில் ஒரு வீட்டுக்குப் போனோம். படிக்கட்டின் கைப்பிடி நூற்றைம்பது வருடக் கைகள் பட்டு வழுவழுவென்று இருந்தது. என் மகள் அதை விட்டு நகரவே இல்லை. அங்கிருந்த பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது, இன்னொரு வீடு ஆள் தேடிக்கொண்டிருக்கிறது என்று. கல் வீடு, இரண்டு மாடி, பின்னால் பிற்காலத்தில் மரத்தில் சேர்த்த சமையலறை. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்த தொகை கையில் இருக்கிறது. எனக்கு மரவேலை ஓரளவு தெரியும். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: “பத்திரம் யார் பேருல?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதில் அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 11.40

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் திட்டத்தில் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சச் செலவு ஒன்றரை லட்சம் டாலர். அதை ஐந்து ஆண்டில் போட்டால் ஆண்டுக்கு 30,000, மாதம் 2,500. நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகைக்கு அது பெரும்பாலும் சமமாகத்தான் இருக்கும். அதனால் ‘வாடகை இல்லை’ என்ற சொல்லை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து வருட வாடகையை முன்கூட்டியே, அதுவும் கல்லிலும் மரத்திலும் கட்டுகிறீர்கள்.

அடுத்தது கடன். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் எதை அடமானம் வைப்பீர்கள்? வீடு அரசுடையது. ஆகவே எல்லாம் சேமிப்பிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வட்டி கூடிய தனிநபர் கடனாக எடுக்க வேண்டும். அரசு இந்தத் திட்டத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பண இருப்பைத் துருவிப் பார்ப்பதும் இதனால்தான். நடுவழியில் பணம் தீர்ந்த கியூரேட்டரால் யாருக்கும் பயன் இல்லை.

மூன்றாவது, வெளியேறும் நாள். சொந்த வீட்டில் ஆறாவது வருடம் வேலை மாறினால் விற்றுவிட்டுப் போகலாம். இங்கே ஆறாவது வருடம் கிளம்பினால் போட்டதெல்லாம் போனதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. முப்பது வருடம் இருந்தீர்களானால் அதே ஒன்றரை லட்சம் மாதத்துக்கு 417 டாலராக இறங்குகிறது. பராமரிப்பும் காப்பீடும் தனி. இந்த ஊரில் அந்த விலைக்கு ஒரு அறைகூடக் கிடைக்காது. ஆக, எத்தனை வருடம் அங்கே இருப்பீர்கள் என்பதுதான் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.


பாஸ்டன் மீனா
திங்கள், காலை 7.05

மாசசூசெட்ஸில் இதே எண்ணத்தை வேறு மாதிரி செய்கிறார்கள். 1994இலிருந்து இங்கே மாநிலப் பூங்காத் துறை நடத்தும் திட்டத்தில் ஆயுள் உரிமை கிடையாது, நீண்ட காலக் குத்தகைதான். நீங்கள் போடும் பணம், உழைப்பு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, அந்த இடத்துக்குச் சந்தையில் என்ன வாடகை கிடைக்குமோ அதோடு ஒப்பிட்டு, எத்தனை வருடம் என்று முடிவு செய்கிறார்கள். கூடுதலாகப் போட்டால் கூடுதல் வருடம். எனக்கு இந்த முறைதான் நேர்மையாகத் தோன்றுகிறது. அவரவர் போட்டதற்கு ஈடான காலம் கிடைத்துவிடுகிறது, 44 வயதில் சேருபவரும் 64 வயதில் சேருபவரும் ஒரே தொகைக்கு வேறு வேறு பலன் பெறுவதில்லை.

இங்கே குடும்பங்கள் மட்டும் இல்லை. டார்செஸ்டரில் பழைய பேக்கர் சாக்லேட் ஆலையின் நிர்வாகக் கட்டடம் கலைஞர்கள் குடியிருந்துகொண்டே வேலை செய்யும் இடமாக மாறியது இந்தத் திட்டத்தில்தான். கிரேலாக் மலை உச்சியில், 3,491 அடி உயரத்தில் இருக்கும் பாஸ்கம் லாட்ஜையும் அப்படித்தான் மீட்டு நடத்துகிறார்கள். கோடையில் ஒரு இரவு தங்கியிருக்கிறேன். பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசு கட்டிய கல் கட்டடம் அது. ராத்திரி காற்று அடித்த அடியில் ஜன்னல் மட்டும் தட்டியது, சுவர் அசையவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைத்தால் மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச் சலுகை, வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டும்தான். பாஸ்டனின் பிரைட்டன் பகுதியில் 1899இல் கட்டிய ஸ்பீட்வே கட்டடத்தைக் கடைகளும் அலுவலகங்களுமாக மாற்றியவர்களுக்கு அது உதவியது. குடும்பமாகக் குடியிருக்கப் போகும் உங்களுக்கு அது கிடையாது. பெரிய பணம் வைத்திருப்பவருக்குக் கை கொடுத்துவிட்டு, குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த குடும்பத்தை விட்டுவிடுகிறது சட்டம். இதை மாற்ற வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு.


செங்கல் சுண்ணாம்பு
திங்கள், இரவு 8.30

நான் கட்டமைப்புப் பொறியாளர். பதினெட்டு வருடமாகப் பால்டிமோர் சுற்று வட்டாரத்தில் பழைய கட்டடங்களைப் பார்க்கிறேன். பணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பழைய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். கறையான், துரு, பூஞ்சை எல்லாம் தண்ணீர் கூட்டிக்கொண்டு வரும் ஆட்கள். அதனால் வேலையும் அந்த வரிசையில்தான்: முதலில் கூரை, பிறகு கூரை ஓரத்து மழைநீர்க் குழாய்கள், பிறகு வீட்டைச் சுற்றி மண் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பது. நூறு வருடத்தில் இலை மக்கி மண் ஏறி ஏறி, வெளிமண் மட்டம் சுவரின் அடி மரத்தைத் தொட்டிருக்கும். நீங்கள் சொல்லும் மரச் சமையலறையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கல் சுவர் நின்றுவிடும். பிற்சேர்க்கையின் அடிச்சட்டம்தான் உளுத்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டம் போய்விட்டது.

அப்புறம் சாந்து. இது ரொம்ப முக்கியம், தயவுசெய்து மனதில் வையுங்கள். அந்தக் கால வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு மூச்சுவிடும். சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியே வந்துவிடும். அதன் மேல் சிமென்ட் வைத்து இடுக்கு அடைத்தால் ஈரத்துக்கு வழி அடைபட்டு, மென்மையான செங்கல் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கலின் முகம் தகடு தகடாக உரிந்து விழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டின் புகைபோக்கிக்கு ஒப்பந்தக்காரர் சிமென்ட் வைத்துப் பூசினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டே தடுக்காமல் விட்டேன். நான்காவது குளிர்காலத்தில் மேல் பாதியை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. இன்றும் அந்தச் சாலையில் போகும்போது மனசு உறுத்தும்.

நம் ஊரில் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பதைத் தாத்தா காலத்து கொத்தனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே அது இல்லை, சுண்ணாம்பும் மணலும்தான். ஆனால் பொறுமை ஒன்றுதான். உறைபனிக் காலத்தில் பூசக் கூடாது, பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும், அவசரப்பட்டால் பொடிந்துவிடும்.

வீட்டுக்குள் பழைய உத்தரங்கள் இருந்தால் என்ன மரம் என்று பாருங்கள். அமெரிக்கச் செஸ்ட்நட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. 1904இல் நியூயார்க்கில் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் அப்பலாச்சியன் மலைத்தொடர் முழுக்க அந்த மரத்தைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. அந்த உத்தரத்தை வெட்டி எறிந்தால் அதே மாதிரி இன்னொன்று கடையில் கிடைக்காது. பழுதான இடத்தில் பக்கத்தில் புது மரம் சேர்த்துக் கட்டலாம்.

இதெல்லாம் உங்கள் இஷ்டப்படி செய்ய முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். சீரமைப்புக்கென்று மத்திய உள்துறை வகுத்த தரநிலைகள் இருக்கின்றன. அரசுக்குச் சொந்தமான வரலாற்றுக் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் மேரிலாந்து வரலாற்று அறக்கட்டளையின் பார்வைக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிறேன், சமையலறைச் சுவரை எடுத்துவிடுகிறேன் என்பது நடக்காது. எனக்கு அதில் உடன்பாடுதான்.


ஆற்றோரம்
திங்கள், இரவு 10.50

அண்ணா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஜன்னல்களைத்தான் அடுத்துக் கேட்க நினைத்தேன். பதினான்கு ஜன்னல் இருக்கிறது, எல்லாம் மேலும் கீழும் நகரும் மரச் சட்டங்கள். பாதிக்கு மேல் திறக்கவில்லை. சில கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே மரங்கள் நெளிகின்றன.


உளியும் இழைப்புளியும்
செவ்வாய், காலை 6.20

அந்த நெளியும் கண்ணாடியை உடைத்துவிடாதீர்கள் தம்பி! வாயால் ஊதிச் செய்த கண்ணாடி அது. இப்போது அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு, சாதாரணக் கடையில் கிடைக்காது, பெரும்பாலும் பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஜன்னல் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் பெயிண்ட். பத்துப் பதினைந்து கோட் பெயிண்ட் சேர்ந்து சட்டத்தையும் நிலையையும் ஒட்டவைத்திருக்கும். இல்லையென்றால் உள்ளே பருத்திக் கயிறு அறுந்திருக்கும். இரண்டு பக்கமும் மரப்பெட்டிக்குள் வார்ப்பிரும்பு எடைக்கல் கயிற்றில் தொங்கும், மேலே சின்னக் கப்பி. எடையும் சட்டமும் சமமாக இருப்பதால்தான் ஒரு விரலால் தூக்கலாம். கயிற்றை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் புட்டிப் பசை உதிர்ந்த இடத்தில் ஆளி எண்ணெய் புட்டி போட்டு, வெளியே ஒரு பாதுகாப்புக் கண்ணாடிச் சட்டம் மாட்டினால் குளிரும் அடங்கும். அந்த மரம் அடர்த்தியான பழங்காட்டு மரம், இப்போது கடையில் கிடைக்கும் மரம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஒரு சட்டத்துக்கு எனக்கே இரண்டு முழு நாள் ஆகிறது. பதினான்கு ஜன்னலில் மேலும் கீழுமாக இருபத்தெட்டுச் சட்டம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஏழு வயதுப் பையன் இருக்கிறான். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான். அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டி, பிளாஸ்டிக் விரித்துப் பிடித்து, தனி உடையில் வேலை செய்து, அந்த உடையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் துவைக்க வேண்டும். குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயிண்ட் வேலை முடியும்வரை குழந்தைகள் அங்கே தூங்கவே கூடாது.


கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 8.00

உளி அண்ணன் சொன்ன கடைசி வரியைப் பணத்தில் எழுதுகிறேன். குழந்தைகள் அங்கே தூங்கக் கூடாது என்றால் இப்போதிருக்கும் வாடகை வீட்டை விட முடியாது. ஒன்றரை வருடமாவது இரண்டு பக்கமும் செலவு ஓடும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.


வைகறை
செவ்வாய், மதியம் 1.10

எல்லாரும் ‘எப்படி’ என்று பேசுகிறீர்கள். எனக்கு ‘ஏன்’ என்பதில் ஒரு தயக்கம் இருக்கிறது, கோபிக்காதீர்கள்.

பூங்கா எல்லாருடையது. அதற்குள் ஒரு வீட்டை, கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆயுள் முழுக்கக் கொடுப்பது சரியா? வருடத்தில் சில நாள் கதவு திறக்கிறது, மற்ற நாளெல்லாம் ‘தனியார் குடியிருப்பு, நுழையாதீர்’ பலகை. அந்தப் பணம் இல்லாத, ஆனால் வீடே இல்லாத குடும்பங்கள் பால்டிமோரில் எத்தனை இருக்கின்றன! அரசு வீடு யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டால், என் மனம் முதலில் அவர்களைத்தான் நினைக்கிறது.


செங்கல் சுண்ணாம்பு
செவ்வாய், இரவு 9.15

வைகறை, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன்.

இந்த வீடுகளுக்கு முன்னால் இருந்த வேறு வழி என்ன என்று பார்க்கிறேன். ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பதும் பணக்காரக் குடும்பத்துக்குக் கொடுப்பதும் அங்கே போட்டி போடவில்லை. பூட்டிக் கிடந்து விழுவதுதான் எதிரே நின்ற வழி. ஆள் இல்லாத வீட்டில் முதல் வருடம் ஒரு ஓடு நகரும். இரண்டாவது வருடம் அதன் வழியாக மழை. யாராவது புகுந்து செம்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். ஐந்தாவது வருடம் மாடித்தளம் கீழே வந்துவிடும். பத்தாவது வருடம் ‘ஆபத்தான கட்டடம்’ என்று இடித்துவிட்டுப் புல் விதைப்பார்கள். நான் அறிக்கை எழுதிய வீடுகளிலேயே மூன்று அப்படிப் போயின. ராத்திரியில் ஒரு விளக்கு எரிகிற வீட்டுக்கு இதெல்லாம் நடப்பதில்லை. குடியிருப்பவர் மழை சொட்டுவதை அன்றே பார்க்கிறார், அன்றே வாளி வைக்கிறார், மறுநாள் ஏணி வைக்கிறார். எந்தத் துறையாலும் அதைச் செய்ய முடியாது.

இதற்கு மேல் ஒன்று. உள்ளே கிணறு, செப்டிக் டேங்க், கரடுமுரடான பாதை, பனியைத் தானே அள்ள வேண்டும், பேருந்து கிடையாது. வீடில்லாத குடும்பத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது அவர்களுக்கு உதவியாக இருக்காது.

ஆனால் பணம் உள்ளவர் மட்டும்தான் வர முடியும் என்ற உங்கள் குறை அப்படியே நிற்கிறது. அதை நான் மறுக்கவில்லை.


வைகறை
செவ்வாய், இரவு 10.00

இடிபடுவதோடு ஒப்பிட்டால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைத்தொழில் தெரிந்தவரின் உழைப்பைப் பணத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டால்தான் கதவு எல்லாருக்கும் கொஞ்சமாவது திறக்கும்.


லார்ட்டன் வாசி
புதன், காலை 9.30

வைகறை சொன்னதற்காகவே எழுதுகிறேன். வர்ஜீனியாவில் 2011இல் சட்டம் வந்தது, எங்கள் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டம் 2014இல் தன் திட்டத்தை ஏற்படுத்தியது. மாவட்டப் பூங்கா ஆணையம் நடத்துகிறது. இங்கேயும் மீனா சொன்ன மாதிரிதான், மதிப்பிட்ட வேலைக்கு ஏற்ற வருடங்கள். சொந்த உழைப்பையும் அந்த மதிப்பில் சேர்க்கலாம். ஆனால் மணிக்கணக்கைத் தினமும் எழுதி வைக்க வேண்டும், ரசீதுகளைக் கொடுக்க வேண்டும், ஆய்வுக்கு வருவார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்டெம்ப்சன் வீடு. லார்ட்டனில் 2001 வரை பெரிய சிறைச்சாலை இருந்தது, அதன் அதிகாரி குடியிருக்கக் கட்டிய வீடு. மாளிகை ஒன்றும் இல்லை, சாதாரணச் செங்கல் வீடு. கிரேட் ஃபால்ஸில் டர்னர் பண்ணை வீடும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது, ஒரு பால் பண்ணைக் குடும்பம் வாழ்ந்தது. இப்படிப்பட்ட வீடுகள்தான் எனக்குப் பிடிக்கின்றன. ஆளுநர் வீட்டை அரசே காப்பாற்றிவிடும். பால் கறந்தவர் வீட்டுக்கும் சிறைக் காவலர் வீட்டுக்கும் யார் வருவார்கள்?

ஆற்றோரம், உங்களுக்கு ஒரு யோசனை. மாவட்டம் ஒரு வீட்டை அறிவிக்கும்போது அதன் வரலாறு, பழுது அறிக்கை, செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்தே வெளியிடுகிறது. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு அறிக்கை கேட்டு வாங்குங்கள். எப்போது தயாரித்தது என்று தேதி பாருங்கள். பூட்டிய வீட்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய அறிக்கை செல்லாது.


மாலதி
புதன், இரவு 11.20

நான் இங்கே எழுதுவது குறைவு. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் வேலை செய்த இடத்தில் ஒருவரும் அவர் மனைவியும் இப்படி ஒரு வீட்டை எடுத்தார்கள். இருபது வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார்கள். நாங்கள் பல சனிக்கிழமைகள் போய் உதவியிருக்கிறோம், மேல் மாடி அறையில் நான் சுரண்டிய சுவர் ஒன்று உண்டு. அவர் இறந்த பிறகு அந்த அம்மா தனியாக நான்கு வருடம் இருந்தார். முழங்கால் முடியாமல் போனது. கீழே ஒரு குளியலறை கட்டவும், வாசலில் சாய்வுப் பாதை போடவும் அனுமதி கேட்டுக் காத்திருந்தார். காரணம் புரிகிறது, வரலாற்று வாசல். ஆனால் காத்திருந்த அந்தக் குளிர்காலம் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

சாவியைக் கொடுத்த நாளில் நானும் உடன் இருந்தேன். அழவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் எந்த ஜன்னல் எப்படித் திறக்கும், எந்தப் பலகை கிறீச்சிடும், செப்டிக் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்று அலுவலரிடம் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தார். முன்னறைச் சுவரில் பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. “இதை வெள்ளையடிக்க வேண்டாம்” என்று மட்டும் கேட்டார்.

ஆற்றோரம், இப்போதே மூன்று விஷயம் கேளுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? கீழ்த்தளத்தில் குளியலறையை முதல் திட்டத்திலேயே சேர்க்க முடியுமா? உங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய் வேலை நின்றால் கால நீட்டிப்பு உண்டா? நாற்பத்து நான்கு வயதில் இவை தேவையில்லாததாகத் தெரியும். தேவைப்படும்.


ஆற்றோரத்தின் வீட்டுக்காரி
வெள்ளி, காலை 8.45 (இரவுப் பணி முடிந்து)

மாலதி அக்கா, உங்கள் பதிவை மருத்துவமனையில் ஓய்வு நேரத்தில் படித்தேன். அந்த அம்மா சாவி கொடுத்ததை இரண்டு தடவை படித்தேன்.

இவர் கைப்பிடியைப் பார்த்து மயங்கிவிட்டார். நான் பேஸ்மென்ட்டைப் பார்த்தேன், ஈர வாசனை வந்தது. நேற்று உட்கார்ந்து பேசினோம். எங்கள் இருவரின் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு டாலர்கூட எடுப்பதில்லை. வீடு எங்களோடு முடிந்துவிடும் என்பதால், மாத வாடகை மிச்சமாகத் தொடங்கும் நாளிலிருந்து அதில் பாதி பிள்ளைகள் பெயரில் தனியாகப் போகும். ஈய வேலை முடியும்வரை இந்த அபார்ட்மென்ட்டை விடுவதில்லை. இவற்றுக்கு இவர் ஒப்புக்கொண்டார். அத்தைக்கும் போன் செய்து சொன்னேன். “பேரனுக்கு வீடு இல்லையா?” என்று கேட்டார். பணமாக இருக்கும் அத்தை, வீடாக இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நீங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அங்க இருக்கலாமில்ல, யாரும் கிளப்ப மாட்டாங்கல்ல?” என்றார். சீரமைப்பும் பராமரிப்பும் ஒழுங்காக நடக்கிற வரைக்கும் கிளப்ப மாட்டார்கள் என்றேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது.


செங்கல் சுண்ணாம்பு
வெள்ளி, இரவு 7.40

தங்கச்சி பேஸ்மென்ட் வாசனையைப் பிடித்ததுதான் இந்த இழையிலேயே நல்ல ஆய்வு.

வெயில் நாளில் அந்த வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். நல்ல மழை பெய்கிற நாளில், பெய்துகொண்டிருக்கும்போதே பாருங்கள். கூலி ஒன்றும் வேண்டாம், நான் வருகிறேன்.


ஆற்றோரம்
அடுத்த வாரம் வியாழன், இரவு 11.30

இன்று போனோம். பூங்கா அலுவலர் மழையிலும் சாவியோடு வந்து நின்றார். செங்கல் அண்ணா, நான், என் மனைவி, மூன்று டார்ச். மூன்று மணி நேரம்.

மேலறையில் சொட்டுவது ஒரே இடத்தில்தான், புகைபோக்கி கூரையோடு சேரும் இடம். அங்கே போட்ட உலோகத் தகடு எழும்பியிருக்கிறது. கூரைச் சட்டங்கள் காய்ந்தே இருந்தன. அண்ணா ஒரு உத்தரத்தைக் கீறி மோந்து பார்த்துவிட்டு, செஸ்ட்நட் என்றார். குரலே மாறிவிட்டது அவருக்கு.

சமையலறையின் வடக்குப் பக்க அடிச்சட்டம் போய்விட்டது, ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. பேஸ்மென்ட்டில் ஒரு மூலையில் ஓடையாகவே தண்ணீர். காரணத்தை வெளியே போய்ப் பார்த்தோம்: அந்த மூலை மழைநீர்க் குழாய் உடைந்து, கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் கொட்டுகிறது. அண்ணா நனைந்துகொண்டே அங்கிருந்த தகரத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டார். இருபது நிமிடத்தில் உள்ளே ஓடை மெலிந்தது.

வெளியே வாங்க வேண்டிய வேலைக்கும் பொருளுக்கும் அண்ணா போட்ட மதிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதில் ஜன்னல்களும் உள்பூச்சும் இல்லை, அவை என் கையால். செப்டிக் சோதனை பாக்கி இருக்கிறது, அது தவறினால் எல்லாம் நிற்கும். மாலதி அக்கா சொன்ன மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். கீழ்க் குளியலறையைப் பிற்சேர்க்கைச் சமையலறையின் ஓரத்தில் வைக்கலாம், கல் வீட்டைத் தொட வேண்டாம் என்று அண்ணா ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்.

செப்டிக் சோதனை சரியாக வந்தால் மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போகும்.

உளி அண்ணா, விண்ணப்பத்தோடு மாதிரிக்கு ஒரு ஜன்னலைச் சரிசெய்து காட்ட அலுவலர் அனுமதி கொடுத்திருக்கிறார். இடது எடைக்கல் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை எடுக்க அந்தப் பெட்டியில் எங்காவது சின்னக் கதவு இருக்குமா? பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியவில்லை.


உளியும் இழைப்புளியும்
வெள்ளி, காலை 6.05

இருக்கும். கீழ்ச் சட்டத்தை எடுத்துவிட்டு, நிலையின் உள்பக்கம், அடியிலிருந்து ஒரு முழம் மேலே விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் மாறும். ஒரே ஒரு திருகாணி இருக்கும். முதலில் அந்த இடத்தை ஈரப்படுத்துங்கள், காய்ந்த பெயிண்டைச் சுரண்டாதீர்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் வருகிறேன், புதுக் கயிறு என்னிடம் இருக்கிறது.